மழைக்குக் கட்டம் இல்லை

மாதேஸ்வரனுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒரே ஒரு விஷயம். தன் வீட்டு உத்திரம் இரண்டரை டன் ஓட்டைத் தாங்குமா, தாங்காதா? விடை முதல் வாரமே தெரிந்துவிட்டது. தாங்காது. தாங்கும் என்று சான்று வாங்கத்தான் நாலு மாதம் ஆயிற்று.

காரிமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு எடை போடக் கற்றுக்கொடுக்கிறவர். மளிகைக் கடையில் பருப்பு வாங்கினால்கூடத் தராசைப் பார்த்த பிறகுதான் பையை நீட்டுவார். வீடு ஊருக்கு வெளியே, மாந்தோப்பை ஒட்டி. ஒரே கூரைக்குக் கீழே முன்பக்கம் மூன்று அறை, பின்பக்கம் ஒன்றரை அறை. முன்பக்கம் அவரும் மனைவி நிர்மலாவும். பின்பக்கம் ஆறு வருஷமாக லூர்துமேரி குடியிருந்தாள். கணவனை இழந்தவள், தையல் வேலை. அவள் மகள் காவியா சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

சித்திரைக் கடைசியில் அடித்த சூறைக்காற்றில் கூரையின் சிமெண்ட் சீட்டுகள் பாதி உடைந்து தோப்புக்குள் விழுந்தன. மறுபடியும் சீட்டு போடக் கூடாது என்று நிர்மலா சொல்லிவிட்டாள். இருபது வருஷம் சீட்டுக்குக் கீழே வெந்தது போதும், ஓடு போட்டால் போடுங்கள், இல்லாவிட்டால் நான் மாமரத்தடியில் படுத்துக்கொள்கிறேன் என்றாள். பொம்மிடிப் பக்கம் ஒரு பழைய அரிசி மில்லை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தொள்ளாயிரம் சீமை ஓடு நல்ல நிலையில் கிடைத்தது.

மாதேஸ்வரன் ஓர் ஓட்டைப் பள்ளிக்கு எடுத்துப் போய் எடை போட்டார். இரண்டு கிலோ எழுநூறு. வாளித் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து மறுபடி போட்டார். மூன்று கிலோ நூறு. கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தார். சீட்டு இருந்தபோது மொத்தக் கூரையும் ஒரு டன்னுக்கும் கொஞ்சம் குறைவு. ஓடு என்றால் இரண்டரை டன். நனைந்தால் இன்னும் முந்நூற்று அறுபது கிலோ. அவ்வளவும் வந்து உட்காரப்போகிற உத்திரம் லூர்துமேரியின் அறைக்கு மேலே குறுக்கே ஓடியது.

தச்சர் முனிராஜை அழைத்துக் காட்டினார். முனிராஜ் ஏணியில் ஏறி, ஸ்க்ரூ டிரைவரால் உத்திரத்தை ஒரு குத்து குத்தினார். அது பிடிவரை உள்ளே போயிற்று.

"சார், இது மரமில்லிங்க. மரம் மாதிரி இருக்குது" என்றார் முனிராஜ்.

கரையான். மேலே பெயிண்ட் மட்டும் முழுசாக இருந்தது. மாற்றிவிடலாம், சுவரைக் கொஞ்சம் இடித்துப் புது உத்திரம் ஏற்றப் பத்து நாள் ஆகும் என்றார். சரி என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் ஒரு புது விதி வந்திருந்தது. ஓட்டுக் கூரைக்கு மாறுகிற எந்த வீடும் தர்மபுரியில் இருக்கிற கூரைப் பாரச் சான்று அலுவலகத்தில் எடைச் சான்று வாங்கிய பிறகே ஓடு ஏற்ற வேண்டும். மாதேஸ்வரனுக்கு அது நல்ல விதியாகவே பட்டது. பொறியாளர் வந்து பார்ப்பார், என்ன மரம், எத்தனை அங்குலம் என்று அவரே எழுதித் தருவார், அதன்படி செய்துகொள்ளலாம் என்று நினைத்தார். உடைந்த இடத்தில் தார்ப்பாயைக் கட்டிவிட்டு, ஓர் ஓட்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

அலுவலகம் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. பெரிய கூடம். மேசைகள் எல்லாம் நாலு சுவரோரமாகப் போட்டிருந்தன. நடுவில் யாரும் உட்காரவில்லை, நடக்கும்போதும் சுற்றித்தான் போனார்கள். மாதேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். நடுக்கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தது.

எழுத்தர் சுசித்ரா அவர் கொண்டுபோன ஓட்டைத் தொடவே இல்லை. ஓர் ஓடு என்பது கூரை ஆகாது, கூரைக்குத்தான் சான்று, ஆகவே கூரையை அங்கீகாரம் பெற்ற எடைமேடையில் நிறுத்தி எடைச்சீட்டு வாங்கி வரவேண்டும் என்று விளக்கினாள். மாதேஸ்வரன் மாது என்கிற லாரிக்காரரைப் பிடித்து, தொள்ளாயிரம் ஓட்டையும் ஏற்றி, எடைமேடைக்குக் கொண்டுபோய்ச் சீட்டு வாங்கி, மறுபடி இறக்கினார். பதினேழு ஓடு உடைந்தது. சீட்டில் ஐயாயிரத்து எண்ணூற்று முப்பது கிலோ என்று இருந்தது. சுசித்ரா அதை அப்படியே கட்டத்தில் எழுதினாள்.

அதில் லாரியும் சேர்ந்திருக்கிறது என்று மாதேஸ்வரன் பணிவாகச் சொன்னார். லாரியைக் கழிக்கத் தனி விண்ணப்பம் என்றாள். அந்த விண்ணப்பத்தோடு வண்டி உரிமையாளர் ஓர் உறுதிமொழிப் பத்திரம் இணைக்க வேண்டும். வாசகம் அச்சடித்தே இருந்தது. 'மேற்கண்ட வாகனம் மேற்கண்ட கூரையின் மீது எக்காலத்திலும் ஏற்றி நிறுத்தப்பட மாட்டாது.' மாது அதை இரண்டு தரம் படித்துவிட்டு, இதற்கு முன் யாராவது நிறுத்தியிருக்கிறார்களா என்று கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். லாரி கழிய ஆறு வாரம் ஆயிற்று.

நனைந்த ஓட்டின் எடையை எங்கே எழுதுவது என்று மாதேஸ்வரன் கேட்டபோது, அது தன் மட்டத்தில் தீர்கிற கேள்வி இல்லை என்று சுசித்ரா அவரை உதவி இயக்குநர் ராஜாமணியிடம் அனுப்பினாள். ராஜாமணி கனிவான மனிதர். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"மழை நம்ம துறை இல்லிங்க" என்றார். "படிவத்துல மழைக்குக் கட்டம் இல்ல. நம்ம ஃபைல்ல இது வறட்சி மாவட்டம். ஓடு நனையும்னு நான் எழுதினா, மழை பெய்யுதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்."

மாதேஸ்வரன் உத்திரத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தார். ராஜாமணி கையமர்த்தினார்.

"பயப்படாதீங்க. தொள்ளாயிரத்துச் சொச்சம் சான்று குடுத்திருக்கறோம். சான்று இருக்கற வூடு ஒண்ணுகூட இன்னிவரைக்கும் இடிஞ்சதில்ல. ஏன்னு கேளுங்க."

மாதேஸ்வரன் ஏன் என்று கேட்டார்.

"இடிஞ்சா, முந்தின நாள் தேதி போட்டுச் சான்ற ரத்து பண்ணிருவோம். இடியறப்போ அந்த வூட்டுக்குச் சான்று இருக்காது."

இதைச் சொல்லும்போது ராஜாமணியின் முகத்தில் சொந்தப் பிள்ளை வகுப்பில் முதலாவதாக வந்த பெருமை இருந்தது.

ஆவணி கடைசியில் கள ஆய்வாளர் பிரபாகர் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, மரியாதையான பேச்சு. தரையைத் தட்டிப் பார்த்தார். சுவரில் ஏழடி உயரம்வரை டேப் பிடித்து அளந்தார். வாசலில் நின்று தன்னைப் போட்டோ எடுக்கச் சொன்னார். பிறகு படிவத்தை மூடினார்.

மேலே பார்க்கவில்லையா என்று மாதேஸ்வரன் கேட்டார்.

"பாத்தா எழுதணும் சார்" என்றார் பிரபாகர். "எழுதினா இந்த விண்ணப்பம் தள்ளுபடி. மரத்த மாத்திட்டு நீங்க புதுசா விண்ணப்பிக்கணும். ஓட்ட மறுபடி லாரியில ஏத்தணும், லாரியக் கழிக்கணும். நான் பிப்ரவரியில வருவேன். பாக்கட்டுங்களா, வேண்டாங்களா? நீங்களே சொல்லுங்க."

அவர் மிரட்டவில்லை, காசும் கேட்கவில்லை. நிஜமாகவே மாதேஸ்வரனின் விருப்பத்தைக் கேட்டார். கிழக்கே மேகம் கூடியிருந்தது. தார்ப்பாய் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. அன்று காலையில்தான் நிர்மலா நனைந்த அரிசியை வாசலில் கொட்டிக் காயவைத்திருந்தாள். பின்பக்க அறைக்குள் லூர்துமேரியின் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவு பாதி திறந்திருந்தது. நிமிர்ந்து ஒரு பார்வை போதும்.

மாதேஸ்வரன் கை நீட்டி அந்தக் கதவைச் சாத்தினார்.

"உள்ள பொம்பள இருக்கறாங்க சார்" என்றார். "பரவால்ல, எழுதிக்குங்க."

பிரபாகர் நன்றி சொல்லிவிட்டு எழுதினார். 'மேற்பகுதி: உரிமையாளர் கூற்றுப்படி திருப்தி.'

சான்று வந்தது. கெட்டித் தாள், மூன்று முத்திரை, பொன்னிற ஓரம். இதற்குப் பிறகு உத்திரத்தை மாற்றினால் சான்று செல்லாது, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும் என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. ஓடு ஏற்றுகிற அன்று முனிராஜ் வந்து உத்திரத்தைப் பார்த்தார், சான்றைப் பார்த்தார், மாதேஸ்வரனின் முகத்தைப் பார்த்தார். அரசாங்கமே சொல்லிவிட்ட பிறகு தனக்கென்ன என்று கைமரங்களை மட்டும் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். ஓடு வரிசை வரிசையாக ஏறிக்கொண்டிருந்தபோது லூர்துமேரி வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, இவ்ளோ வெயிட்டத் தாங்குமுங்களா?"

மாதேஸ்வரன் உள்ளே போய்ச் சான்றை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். அவள் முத்திரைகளைத் தடவிப் பார்த்து, எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள். ஆபீசர் வந்து பாத்திருக்காங்களே, அப்புறமென்ன என்று திருப்பிக் கொடுத்தாள். அரசாங்கம் சொன்னதாக அவர் நீட்டிய வரி, அவர் சொல்லி அரசாங்கம் எழுதிய வரி. அது இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் தெரியும்.

அன்றிலிருந்து மாதேஸ்வரனுக்கு வானத்தைப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. தர்மபுரிக்காரன் மழை வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டது அந்த வருஷமாகத்தான் இருக்கும். பள்ளியில் பிள்ளைகள் தராசுத் தட்டில் எடைக்கல்லை வைக்கும்போது ஒவ்வொரு கல்லும் லூர்துமேரியின் தலைமேல் இறங்குவதாகத் தோன்றியது. தூறல் விழுந்தால் தலைமையாசிரியரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வருவார். முன்பக்கம் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, இங்கே வந்து உட்கார்ந்து தையம்மா என்று அவளைக் கூப்பிடுவார். மெஷினைத் தானே தூக்கி வருவார். மழை விட்டதும் திருப்பிக் கொண்டுபோய் வைப்பார்.

ஒரு சவுக்குக் கட்டையை வாங்கிவந்து உத்திரத்துக்குக் கீழே முட்டுக் கொடுத்தார். இது எதுக்குங்கண்ணா என்று அவள் கேட்டாள். தைத்த ஜாக்கெட்டுகளை மாட்டிவைக்க என்றார். அவள் மனம் குளிர்ந்துபோய் கட்டையில் ஆணி அடித்து ஜாக்கெட்டுகளை மாட்டினாள். இத்தனை வருஷத்தில் எந்த வீட்டுக்காரரும் இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று நிர்மலாவிடமே சொன்னாள். நிர்மலா அன்று குழம்பில் உப்புப் போடவில்லை. மழை பெய்தால் மட்டும் உங்களுக்கு அவள்மேல் ஏன் இந்தக் கரிசனம் என்று கேட்டாள். மனைவி நினைப்பது உண்மையாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அந்த நிமிஷத்தில் மாதேஸ்வரனுக்குத் தோன்றியது.

தாங்க முடியாமல் ஒரு நாள் தர்மபுரிக்குப் போய், சான்றை ரத்து செய்துவிடுங்கள் என்று ராஜாமணியிடம் சொன்னார். ராஜாமணி பதிவேட்டைப் புரட்டினார். வீடு இடிந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றார் மாதேஸ்வரன். இடியாமல் ரத்து செய்ய வழியில்லை என்றார் ராஜாமணி. அப்போதுதான் அவர் கண்ணில் சான்றின் எண் பட்டது. எழுந்து வந்து மாதேஸ்வரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அது ஆயிரமாவது சான்று.

ஐப்பசி பாதியில் அந்த வீட்டிலேயே விழா வைத்தார்கள். மாமரத்தடியில் பந்தல் போடலாம் என்று மாதேஸ்வரன் எவ்வளவோ மன்றாடினார். சான்று வழங்கிய கூரைக்குக் கீழே நின்று பேசினால்தானே மக்களுக்கு நம்பிக்கை வரும் என்றார் ராஜாமணி. அதுவும் பின்பக்க அறைதான் வேண்டும். கணவனை இழந்த பெண், தையல் மெஷின், புதுக் கூரை. பயனாளி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று லூர்துமேரியை மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். அவள் நல்ல புடவை கட்டியிருந்தாள். அலுவலகத்திலிருந்து பதினோரு பேர் வந்து அந்த ஒன்றரை அறைக்குள் நின்றார்கள். நடுவில் நின்ற சவுக்குக் கட்டை பேனரை மறைத்தது. பிரபாகர் அதைப் பிடுங்கி வெளியே போட்டார்.

மாதேஸ்வரன் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் மழை தொடங்கியது.

"பாரத்தத் தாங்குறது மரமில்ல" என்று ராஜாமணி பேச ஆரம்பித்தார். "நம்பிக்கை. மக்கள் நம்ம மேல வச்சிருக்கற நம்பிக்கை. இந்தக் கூரையை நாங்க பாக்கல. பாக்க வேண்டிய அவசியமே வரல. அவ்ளோ நம்பிக்கை."

கைதட்டினார்கள். மழை வலுத்தது. ஓடுகள் தண்ணீர் குடிக்கிற சத்தம் மாதேஸ்வரனுக்கு மட்டும் தனியாகக் கேட்டது. ராஜாமணி அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும்போது மேலே ஏதோ ஒன்று முறிகிற மாதிரிச் சொடுக்கியது. அவருடைய பொன்னாடையில் மஞ்சள் தூள் உதிர்ந்தது. அவர் அதைத் தட்டிவிட்டு, என்ன சத்தம் என்று கேட்டார்.

"உத்திரம் சார்" என்றார் மாதேஸ்வரன். "உள்ள ஒண்ணுமே இல்லிங்க. கரையான் தின்னுருச்சு. மே மாசமே எனக்குத் தெரியும்."

ஆயிரம் சான்று கொடுத்த அலுவலகம் அந்த அறையைக் காலிசெய்ய எடுத்துக்கொண்டது அரை நிமிஷம். வாசலுக்கு எல்லாரையும்விடத் தூரத்தில் நின்ற பிரபாகர்தான் முதலில் வெளியே இருந்தார். ராஜாமணியின் ஒரு செருப்பு உள்ளேயே கிடந்தது. அவர் தோப்பில் நனைந்தபடி நின்று, வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"பயனாளி மட்டும் உள்ளயே இருக்கட்டும். போட்டோ இன்னும் எடுக்கல."

லூர்துமேரி மெஷினுக்கு முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பயத்தில் இல்லை. அவள் மாதேஸ்வரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்க் கையைப் பிடித்து இழுத்தார். அவள் கையை உதறிவிட்டு, தானாக எழுந்து, தானாக வெளியே நடந்தாள்.

கூரை விழவில்லை. மறுநாள் முனிராஜ் ஓடுகளை இறக்கினார். உத்திரத்தைக் கயிறு கட்டி இழுத்தபோது அது பாதிவழியிலேயே இரண்டாகப் பிளந்து, மண்ணாகக் கொட்டியது. நிர்மலா அந்த மண்ணைக் கூட்டி அள்ளினாள். அவள் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அந்த இடத்தில் அதைவிட மோசமான ஒன்று வந்து உட்கார்ந்தது. லூர்துமேரி இரண்டு நாளில் தன் அண்ணன் சவுரியப்பனோடு பொம்மிடிக்குப் போய்விட்டாள். திட்டவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை.

மாதேஸ்வரன் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினார். உத்திரம் கெட்டிருந்தது தெரியும், ஆய்வாளர் பார்க்காதபடி கதவைச் சாத்தியது நான், குடியிருந்தவரிடம் மறைத்தது நான், தகுந்த நடவடிக்கை எடுக்கவும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினார். விசாரணை நடந்தது. மார்கழியில் பதில் வந்தது.

'உத்திரத்தை எந்த அலுவலரும் பார்க்கவில்லை என்பது ஐயமற நிறுவப்பட்டது. பார்க்காத ஒன்றைப் பற்றித் தவறாகச் சொல்லியிருக்க இயலாது. மனுதாரர் நியமிக்கப்பட்ட ஆய்வாளர் அல்லர் என்பதால், அவர் பார்த்தது பார்த்ததாகக் கொள்ளப்படாது. கதவு, படிவத்தில் இல்லாத பொருள். எனவே மனுதாரர் மீது தவறு ஏதும் இல்லை என்று இதன்மூலம் சான்றளிக்கப்படுகிறது.'

அதற்கும் மூன்று முத்திரை இருந்தது.

அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்மிடிக்குப் போனார். ரயில் நிலையத்துக்குப் பின்னால் சவுரியப்பனின் தளம் போட்ட வீடு. முன்னறையில் லூர்துமேரி மெஷினில் இருந்தாள். கிறிஸ்துமஸ் சமயம், சுற்றிலும் துணி குவிந்திருந்தது. சவுரியப்பன் எழுந்து வெளியே போய்விட்டார். மாதேஸ்வரன் காகிதத்தை அவளிடம் கொடுத்தார். எதற்காகக் கொடுத்தார் என்று கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார். அவள் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள்.

"உங்க மேல தப்பில்லன்னு கவர்ன்மெண்ட்டே சொல்லிருச்சுங்களே" என்றாள்.

"அவங்க சொன்னாங்க. நான் சொல்லலம்மா."

அவள் காகிதத்தை மடித்து அவரிடமே கொடுத்தாள். துணியை மெஷினில் வைத்துச் சரிசெய்தாள். பிறகு தலை நிமிராமல் பேசினாள்.

"காலேஜ் லீவுக்கு காவியா வந்து நாலு நாளு அங்க படுத்திருந்துச்சு. உத்திரத்துக்கு நேர் கீழ. அங்கதான் ஃபேன் காத்து வரும். நீங்க பாத்தீங்கல்ல?"

அந்த நாலு நாளை மாதேஸ்வரன் மனுவில் எழுதவில்லை. தனக்குத்தானேகூட அதுவரை சொல்லிக்கொண்டதில்லை. வானம் தெளிவாக இருக்கிறது, மழை வராது என்று அந்த நாலு காலையும் கணக்குப் போட்டுவிட்டுத்தான் பள்ளிக்குப் போனார். போகும்போது அந்தப் பெண் பல் துலக்கிக்கொண்டே கைகாட்டும்.

"பாத்தேன்" என்றார்.

லூர்துமேரி மெஷினை மிதித்தாள். ஒரு ஜாக்கெட் கை முடிந்ததும் நூலைக் கடித்து அறுத்துவிட்டு இன்னொரு கையை எடுத்துக்கொண்டாள். உட்காருங்கள் என்று அவள் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. மாதேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார்.